சூடேறும் எஞ்சின், மூடும் பொழி

கல்லாற்றில் எஞ்சின் படகு ஓடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடிக்கு ஏறும் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, விதுராவை அடுத்த கல்லாறு என்ற ஊரில், ஆறு உருண்டைக் கற்களின் மேல் சலசலத்து இறங்குகிறது. நீச்சலடிக்கவும் குளிக்கவும் வருகிறவர்களுக்கு அது மலை ஆறு, அவ்வளவுதான். ஆனால் அந்த நீர் வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து, வாமனபுரம், ஆற்றிங்கல், சிறயின்கீழ் என்று சுமார் 88 கிலோமீட்டர் நீளமுள்ள வழியில் ஓடி, அஞ்சுதெங்குக் காயலில் விழுந்து, பெருமாதுறைக்கும் தாழம்பள்ளிக்கும் இடையே கடலைத் தொடுகிறது. அந்த இடத்துக்கு முதலப்பொழி என்று பெயர்; பொழி என்றால் காயல் கடலில் திறக்கும் வாய். கேரளக் கரையில் எஞ்சின் படகு ஓட்டுகிறவர்கள் மிக அதிகமாக அஞ்சும் வாய்களில் ஒன்று அது.

முதலப்பொழியில் இருபுறமும் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, அவற்றுக்கு நடுவே மணல் சேர்வதும், ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடைவதும், வள்ளங்கள் கவிழ்வதும் வாடிக்கையாகிவிட்டன. 60க்கும் மேற்பட்ட மீனவர்கள் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். 2023 ஜூலை 10 அன்று ஒரே வள்ளம் கவிழ்ந்து நான்கு பேர் போனார்கள். 2025 ஏப்ரலில் மணல் பொழியையே அடைத்துவிட்டது. இந்தச் சாவுகளின் பழியை எஞ்சின்மேல் போட நான் வரவில்லை. அலையும் மணலும் கட்டுமானமும் செய்த கொடுமை அது. ஆயினும் உடையும் அலைக்கு நேராகப் படகின் தலையைப் பிடித்து நிறுத்த அங்கே எஞ்சின் ஒன்றுதான் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் அது அடங்கினால் படகு குறுக்கே திரும்பும், திரும்பிய படகு கவிழும். நெடுஞ்சாலையில் கார் எஞ்சின் சூடேறினால் ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கலாம். பொழியில் ஓரம் கிடையாது.

எனவே படகு எஞ்சின் ஏன் சூடேறுகிறது, ஏன் நிற்கிறது, அதை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியை நான் இந்த வாயில் நின்றுதான் பார்க்கிறேன்.

எஞ்சினின் எல்லையைச் சோதிக்கும் வேகப் படகு என்றதும் பந்தயம்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் அது நடந்திருக்கிறது. எஃப்1 விசைப்படகுப் பந்தயம் 2004இல் மும்பையிலும், 2018 நவம்பரில் அமராவதியை ஒட்டிய கிருஷ்ணா ஆற்றிலும் நடந்தது. 2017 மார்ச்சில் மும்பைக் கடலில் பி1 பந்தயம் ஓடியது. எஃப்1 படகுகளில் நீண்ட காலம் கோலோச்சியது மெர்க்குரி நிறுவனத்தின் 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சுமார் 400 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். முதலப்பொழியில் ஓடுவதோ பெரும்பாலும் 9.9 அல்லது 25 குதிரைத்திறன் கொண்ட மண்ணெண்ணெய் எஞ்சின். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டும் டூ-ஸ்ட்ரோக், இரண்டும் தாம் ஓடும் நீரையே உறிஞ்சிக் குளிர்கிறவை, இரண்டும் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகி வைத்து ஓடுகிறவை. பந்தயப் படகு ஒரு மணி நேரத்துக்குள் சந்திக்கும் சோதனையை வள்ளத்தின் எஞ்சின் பல மணி நேரமாக நீட்டிச் சந்திக்கிறது. பந்தயக்காரர்கள் காசைக் கொட்டிக் கற்ற பாடங்கள் நம் கரைக்கு நேராகப் பொருந்துவது அதனால்தான்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் வணிகப் பொருளாக்கினார். நம் கரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரையில் உள்ளே பொருத்திய எஞ்சின்களைக் கொண்டுவந்தது. நாட்டுப் படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின் பரவியது 1980ஐ ஒட்டித்தான். அதே 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. எஞ்சின்களை வரவழைத்து விற்றதோடு நில்லாமல், கரையோரத்தில் பழுதுபார்க்கும் நிலையங்களையும் அது நடத்தியது. குளச்சலிலிருந்து தூத்தூர், விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு வரை தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பட்டறை மொழி உருவானது. அந்தப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் "எஞ்சின் சூடாகி சீஸ் ஆயிப்போச்சு" என்பது.

அந்த வாக்கியத்தில்தான் சிக்கல். சூடு நோயே இல்லை, நோயின் அடையாளம். எரியும் எண்ணெய் உண்டாக்கும் வெப்பத்துக்கும், நீர் எடுத்துச்செல்லும் வெப்பத்துக்கும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள எண்ணெய்ப் படலத்துக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் மூன்றில் எது பிசகினாலும் முடிவு ஒன்றுபோலவே தெரியும்: பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிஸ்டனை மாற்றி, சிலிண்டரைப் போர் பண்ணி, எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்ததாகப் பெரும்பாலான பட்டறைகள் நினைக்கின்றன. பிஸ்டனை உடைத்த காரணம் உள்ளேயே இருந்தால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். ஒரே சீசனில் ஒரே சிலிண்டர் இரண்டு முறை பிடித்தால், முதல் முறை எஞ்சினைப் பிரித்தவர் காரணத்தைத் தேடவே இல்லை என்று பொருள்.

நீரின் வழியிலிருந்து தொடங்கலாம். படகைத் தள்ளும் காற்றாடிக்கு மேலே, கியர்ப்பெட்டியின் இருபக்கத்திலும் உள்ள சல்லடைத் துளைகளில் கடல்நீர் நுழைகிறது. நெடுந்தண்டில் மாட்டிய ரப்பர் இம்பெல்லர் அதை மேலே தள்ளுகிறது. நீர் சிலிண்டர்களைச் சுற்றி, தலையைச் சுற்றி, சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு கலந்து கீழே வெளியேறுகிறது. ஒரு சிறு கிளை மட்டும் பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சிக் காட்டுகிறது. அந்தப் பீய்ச்சலைப் பார்த்தே எல்லாரும் திருப்தியடைகிறார்கள். அது சொல்வது இம்பெல்லர் நீரைத் தூக்குகிறது என்பதை மட்டும். மேல் சிலிண்டரின் தலையைச் சுற்றி நீர் ஓடுகிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. எதிர்ப்பக்கமும் உண்டு: பீய்ச்சல் நின்றுவிட்டதென்று பம்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு கம்பியால் அந்தத் துளையைக் குத்திப் பார்க்க வேண்டும். கரையில் சில வாரம் கிடந்த எஞ்சினில் அங்கே குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

இம்பெல்லர் ஒரு சிறு பொருள். இந்தக் கரையில் அதன் ஆயுள் இன்னும் சிறியது. அதன் ரப்பர் இறக்கைகள், மையம் விலகிய ஒரு கிண்ணத்துக்குள் மடங்கி மடங்கிச் சுழல்கின்றன. மெதுவாக ஓடும்போது அவை கிண்ணத்தின் சுவரை ஒட்டிக்கொண்டு நீரைப் பிடித்துத் தள்ளும். வேகம் ஏறும்போது சுவரை விட்டு விலகி, சுழற்சி விசையால் நீரை எறியும். ஆகவே தேய்ந்த இம்பெல்லர் வேகத்தில் சமாளித்துவிடும், மெதுவாக ஓட்டும்போது காட்டிக்கொடுக்கும். மீன்பிடி வலையருகே மெல்ல நகரும்போது சூடேறி, வேகமெடுத்தால் ஆறிவிடும் எஞ்சின் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இம்பெல்லரை. வேகத்தில் சூடேறி, மெதுவாக ஓட்டினால் ஆறுவதென்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: நீர்த்துளையில் ஒட்டிய பிளாஸ்டிக் பை, உள்ளே படிந்த உப்பு, காற்றை உறிஞ்சுமளவுக்கு உயர்த்திக் கட்டிய எஞ்சின், அல்லது எரிபொருள் பற்றாக்குறை. இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வைத்திருந்தால் பாதிப் பட்டறைச் செலவு மிச்சம்.

மணல் அந்த இம்பெல்லரைத் தின்கிறது. ஆழம் குறைந்த வாயில் காற்றாடி கிளப்பும் சேற்றுமணலை நீர்த்துளை அப்படியே உறிஞ்சுகிறது. கிண்ணத்தின் எவர்சில்வர் உறையில் விரலை வைத்துத் தடவினால் வட்டவட்டமாகக் கீறல்கள் தட்டுப்படும். புது ரப்பரைப் போட்டாலும் அந்தக் கீறல்களின் வழியே நீர் பின்னோக்கிக் கசியும். உறையையும் அடித்தட்டையும் மாற்றாமல் ரப்பரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. துறைமுகம் இல்லாத திறந்த கரைகளில் இன்னொரு கேடும் சேர்கிறது. பூந்துறை போன்ற இடங்களில் வள்ளத்தை அலைக்குள் தள்ளி, தாண்டியதும் எஞ்சினை இழுத்துக் கிளப்புகிறார்கள். அலை தூக்கும்போதெல்லாம் நீர்த்துளை வெளியே வந்து காற்றை விழுங்குகிறது. ரப்பருக்கு நீரே மசகு. நீரில்லாமல் சில விநாடி சுழன்றாலும் இறக்கையின் நுனி வெந்து கருகும். நுனி பிய்ந்த ரப்பர்த் துண்டு பம்போடு நிற்பதில்லை. மேலே ஏறி ஏதாவது ஒரு குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறினால் அந்தத் துண்டைத் தேட வேண்டும். பழைய இம்பெல்லரைத் தூக்கி எறியாமல் இறக்கைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் வள்ளங்கள் லாரியேறிப் பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போனதை நாடே பார்த்தது. கடலுக்காகச் செய்த எஞ்சின்கள் அங்கே சேற்றிலும் குப்பையிலும் துணியிலும் ஓடின, மதிற்சுவரிலும் கேட்டிலும் மோதின. பல்லாயிரம் பேரை மீட்டுத் திரும்பியபோது படகுகளும் எஞ்சின்களும் பட்டிருந்த சேதத்துக்குக் கணக்குப் பார்க்க அந்த மனிதர்கள் முதலில் நிற்கவில்லை. அந்த எஞ்சின்களின் உள்வழிகளில் படிந்த வண்டலைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. கடல்நீரில் ஓடும் எஞ்சினுக்கு உப்பு எதிரி, வெள்ளநீரில் ஓடியதற்கு வண்டல். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரைச் செலுத்திக் கழுவுவது. குடிநீருக்கே குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் கடலோர ஊர்களில் எஞ்சினுக்கு ஒரு டிரம் நல்ல தண்ணீர் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வெளியிலிருந்து அறிவுரை சொல்கிறவர்கள் உணர்வதில்லை.

உப்புக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் திறக்கும். கடல்நீரை நேரடியாக உறிஞ்சும் எஞ்சினில் அது ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரிக்குள் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் நீரில் கரைந்துள்ள உப்புகள் சுவரில் படியத் தொடங்கும் என்பது காரணம். படிந்த உப்பு வெப்பத்தை நீருக்குப் போகவிடாது. சூடு இன்னும் ஏறும், படிவு இன்னும் தடிக்கும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுவது கரையில் பரவலான வைத்தியம். எஞ்சின் அப்போது குளிர்ந்து ஓடும், சூடு குறைந்ததென்று மனம் நிம்மதியடையும். ஆனால் குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும். அதிகக் குளிர்ச்சியாலும் எஞ்சின் சாகும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

நம்பாதவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி ஏறினால் சுமார் 0.13 மில்லிமீட்டர் பெருக்கிறது. இடையில் விட்டிருக்கும் இடைவெளியோ அதைவிடக் குறைவு. சிலிண்டரும் கூடவே சூடேறினால் அது கொஞ்சம் விலகிக்கொடுக்கும். சிலிண்டர் பச்சைத் தண்ணீரில் குளிர்ந்தே இருக்க, பிஸ்டன் மட்டும் முழு வேகத்தில் கொதித்தால் இடம் போதாது. பிடித்துக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் சுற்றுப்புறத்தில் நான்கு மூலைகளிலும் கீறல் இருக்கும். அந்த நான்கு மூலைக் கீறலைக் கண்டால் நீர்ப் பம்பைக் குறை சொல்லக்கூடாது. கிளப்பிய கையோடு முழு வேகம் கொடுத்ததே காரணம்.

முதலப்பொழியின் அமைப்பு இந்தத் தவறைச் செய்யச்சொல்லித் தூண்டுகிறது. படகு கட்டும் இடத்துக்கும் அலை உடையும் வாய்க்கும் இடையே சில நிமிட ஓட்டமே இருக்கிறது. அதிகாலைக் குளிரில் கயிற்றை இழுத்துக் கிளப்பி, அடுத்த சில நிமிடத்தில் அலையைத் தாண்ட முழு வேகம் கொடுக்க வேண்டும். எஞ்சினைக் காயலுக்குள்ளேயே நிதானமாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு பிறகு வாய்க்குப் போவது எரிபொருள் விரயம் என்று தோன்றும். மண்ணெண்ணெய் விற்கும் விலையில் தோன்றத்தான் செய்யும். இருந்தும் அந்தச் சில நிமிடங்களுக்காக நான் வாதாடுவேன்.

நீர் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வெந்துபோகும் எஞ்சின்கள் இருக்கின்றன. பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான். டூ-ஸ்ட்ரோக்கில் எரிபொருளோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. குழாயில் ஒரு சிறு வெடிப்பு, கைப்பம்பின் வால்வில் தூசி, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு, வடிகட்டியில் தேங்கிய தண்ணீர் - இவற்றில் ஏதாவது ஒன்றால் எரிபொருள் குறைந்தால், அந்த நொடியில் மசகும் குறைகிறது. காற்று மிகுந்த கலவை அதிகச் சூட்டில் எரிகிறது. சூடு ஏற, காக்கும் படலமும் மெலிகிறது. வேகம் சற்று ஏறுவதுபோல் ஒலி மாறி, பிறகு குரல் கம்மி, எஞ்சின் நிற்கும். ஓட்டுகிறவரிடம் "நிற்பதற்கு முன்னால் சத்தம் எப்படி இருந்தது?" என்று கேட்காத மெக்கானிக் பாதித் தடயத்தைத் தொலைத்தவர். கைப்பம்பை அழுத்தியதும் எஞ்சினுக்கு உயிர் திரும்பியதா என்பதும் அப்படியே. திரும்பியதென்றால் நீர்வழியை விட்டு எரிபொருள் வழிக்குப் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது நம் கரையின் வழக்கம். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு. தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானே வெடிக்கும் போக்கு அதற்கு உண்டு. மண்ணெண்ணெய் மாடல் எஞ்சின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்திருப்பது இதற்காகவே. பெட்ரோல் மாடலை வாங்கி மண்ணெண்ணெயில் ஓட்டினாலோ, கேஸ்கெட்டை மெலிதாக மாற்றி இழுவை கூட்ட முயன்றாலோ பிஸ்டனின் விளிம்பு எலி கொறித்ததுபோல் அரிக்கப்பட்டு வரும். மானிய ஒதுக்கீடு சுருங்கி, வெளிச்சந்தையில் கிடைப்பதைக் கலந்து ஊற்றும் நிலை வந்த பிறகு இந்த வகைப் பழுது பெருகினால் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு எஞ்சின் மாட்டிய வள்ளங்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒன்று நின்றால் மற்றொன்று காப்பாற்றும் என்றுதான் இரண்டு மாட்டுகிறார்கள். இரண்டும் ஒரே டேங்கிலிருந்து குடித்தால் டேங்கில் இறங்கிய தண்ணீர் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தும். டேங்கும் வடிகட்டியும் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டாவது எஞ்சின் உண்மையில் இரண்டாவது எஞ்சின்.

சுமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காற்றாடியின் பிட்ச், அதாவது இறக்கையின் சாய்வு, அதிகமாக இருந்து, முழுவதும் திருகினாலும் எஞ்சின் அதற்குரிய சுற்றை எட்டவில்லையென்றால் அது மூச்சுத்திணறி ஓடுகிறது, உள்ளே சூடு தேங்குகிறது. அலையில் காற்றாடி வெளியே வந்து வெறுமனே சுழலும்போது சுற்று எகிறுவதும் அதே அளவு கேடு. நைலான் நரம்பு தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிட்டால் கியர்ப்பெட்டிக்குள் கடல்நீர் புகும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பந்தயப் படகுகளில் காற்று உறிஞ்சும் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. எதிர்ப்பைக் குறைக்க எஞ்சினை மேலே மேலே உயர்த்தி மாட்டுகிறார்கள். காற்றாடியின் பாதி நீருக்கு வெளியே சுழலும். பக்கவாட்டு நீர்த்துளைகள் அந்த உயரத்தில் காற்றைத்தான் குடிக்கும். எனவே கியர்ப்பெட்டியின் மூக்கு நுனியிலேயே துளையிட்டு, வேகமே நீரை உள்ளே திணிக்கும்படி செய்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூக்கில் நீர் மோதும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு. 200 கிலோமீட்டரில் 15 மடங்கு. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த நீரை அப்படியே உள்ளே விட்டால் கேஸ்கெட்டுகளைப் பிதுக்கிக்கொண்டு சிலிண்டருக்குள் கசியும், சிலிண்டர் சுவரும் அளவுக்கு மீறிக் குளிரும். மிகுந்த அழுத்தத்தை வெளியே விடும் வால்வு இல்லாமல் இந்த எஞ்சின்கள் பிழைப்பதில்லை. வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்பும்போதோ மூக்கில் அழுத்தமே இருக்காது, இம்பெல்லர் ஒன்றுதான் துணை. பல பந்தய எஞ்சின்கள் ஓட்டத்தில் தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் வேகின்றன.

இவர்களிடமிருந்து நம் கரைக்கு வரவேண்டிய ஒரு கருவி நீர் அழுத்தமானி. வெப்பமானி மட்டும் போதாது. அது தன்னைத் தொடும் நீரின் சூட்டைத்தான் சொல்லும். நீரே வற்றிப்போய், உலர்ந்த அறைக்குள் உணரி தொங்கினால் முள் அசையாமலே இருக்கும், உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தமானியின் முள் விழுவதோ நீர் குறைந்த அந்தக் கணத்திலேயே தெரியும், சூடு ஏறுவதற்கு முன்னால். ஒரு மெல்லிய குழாயும் ஒரு முள்ளும் உள்ள அந்தக் கருவியின் விலை ஒரு தடவை போர் பண்ணும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது ஏன் ஒவ்வொரு எஞ்சினோடும் கட்டாயமாகத் தரப்படவில்லை என்பது எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் கேள்வி.

பட்டறைக்கு வந்துவிட்ட எஞ்சினை எந்த வரிசையில் விசாரிப்பது? கழற்றுவதற்கு முன் கேட்பதும் பார்ப்பதும் முதல் வேலை. இரண்டு சிலிண்டர் தலைகளிலும் தனித்தனியாக வெப்பத்தை அளக்க வேண்டும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எங்கும் கிடைக்கிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் அவுட்போர்டில் நீராவியும் காற்றும் மேலே தேங்குவதால், நீர் பற்றாக்குறையை முதலில் உணர்வது மேல் சிலிண்டர். கீழ்ச் சிலிண்டரில் மட்டும் கேடு என்றால் புகைவழியாக நீர் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருக்குரியது என்று வரிசை மாறாமல் வைக்க வேண்டும். வெளிறிக் கொப்புளித்திருந்தால் காற்று மிகுந்த கலவை. பீங்கானில் பளபளக்கும் பொட்டுகள் தெரிந்தால் அவை உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம், மேற்கொண்டு கிளப்பவே கூடாது. வெள்ளை உப்பு பூத்திருந்தால் கேஸ்கெட் வழியாகக் கடல் உள்ளே வந்திருக்கிறது. அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் கரியே இல்லாமல் ஆவியில் கழுவியதுபோல் சுத்தமாக இருப்பது அதை உறுதி செய்யும்.

அடுத்தது அமுக்க அளவு. இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் திறக்கலாம். திறந்த பிறகு பிஸ்டனைத் துடைத்துவிடாமல், வந்த கோலத்திலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். புகைவாய்ப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கலவையில் சிக்கல். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தால் ஆயிலோ நீரோ போகவில்லை. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டிருக்கிறது. பிளக்கின் வெப்ப எண், பற்றவைக்கும் நேரம் இரண்டையும் பார்க்க வேண்டும். பழைய பிஸ்டனைச் சுத்தியலால் தட்டி எடுத்துத் தூர எறிகிற பட்டறையில் இந்தச் சான்றுகள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. நான் பார்த்த நல்ல மெக்கானிக்குகள் உடைந்த பிஸ்டன்களை அலமாரியில் அடுக்கி, எந்த எஞ்சினுடையது, எப்போது பிடித்தது என்று பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர்களிடம் இருப்பது ஒரு முறையான நோயறி கலை. அதைத் தொகுத்து அச்சிட எந்த மீன்வளக் கல்லூரியாவது முன்வந்தால் அது பெரிய தொண்டு.

உள்ளே எஞ்சின் பொருத்திய ரோந்துப் படகுகளும், பூவாற்றிலும் வேளியிலும் ஓடும் சுற்றுலா வேகப் படகுகளும் தனிக்கதை. ரோந்துப் படகின் டீசல் எஞ்சினில் நல்ல தண்ணீர் மூடிய வட்டத்தில் சுற்றுகிறது, கடல்நீர் வெளியிலிருந்து அதைக் குளிர்விக்கிறது. அங்கே முதலில் திறக்க வேண்டியது கடல்நீர் வடிகட்டி. ஓடாமல் கட்டிக்கிடக்கும் படகில்தான் குழாய்க்குள் சிப்பியும் பாசியும் வளர்கின்றன. காயல்களில் ஆகாயத்தாமரையின் வேர் நீர்த்துளையை மூடுகிறது. சில விநாடி எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் அது பெரும்பாலும் கழன்றுவிடும்.

புதிதாக வரும் ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்கள் இந்தப் பழுதுகளில் பலவற்றைத் தாங்களே கண்டுபிடிக்கின்றன. கலவையைக் கணினி பார்த்துக்கொள்கிறது, ஆயில் தனியாக இருக்கிறது. மண்ணெண்ணெயை விட்டு இவற்றுக்கு மாறும்படி அரசு சொல்வது சரியான திசைதான். ஆனால் இவற்றில் ஒரு ஏற்பாடு என்னை உறங்கவிடுவதில்லை. சூடு எல்லை மீறினால் பல மாடல்களில் எஞ்சின் தன் சுற்றைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் எவ்வளவு திருகினாலும் கூட்டாது. எஞ்சினைக் காப்பாற்ற அது மிக நல்ல ஏற்பாடு. அமைதியான ஏரியில் படகை மெல்லக் கரைசேர்க்க அது உதவும். முதலப்பொழியின் வாயில், பின்னால் ஓர் அலை எழும்பிவரும்போது, மணல் உறிஞ்சிய பம்பினால் சூடேறி, அந்த எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள முடிவு செய்தால் வள்ளத்தில் இருப்பவர்களை யார் காப்பது? அந்த நேரத்தில் பிஸ்டன் உருகினாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு நிமிடம் இழு என்று சொல்லும் உரிமை ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும். முதலில் எச்சரிக்கை மணி, பிறகு அழுத்தமானியின் முள், அதன் பிறகும் தன் பொறுப்பில் முழு வேகம் எடுக்க ஒரு பொத்தான்: அலைவாய்க் கரைகளுக்கு விற்கும் எஞ்சினில் இந்த மூன்றும் வேண்டும். தனி மீனவர் கேட்டால் எந்த நிறுவனமும் காதுகொடுக்காது. மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் கேரள மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட்டும் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். அடுத்த முறை எஞ்சின்களுக்கு ஆர்டர் போகும்போது, விலைக்கும் குதிரைத்திறனுக்கும் முன்னால் அவர்கள் பேச வேண்டியது இதைத்தான்.